செம்பூரில் பதினோரு வாரம்: வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டவை

அப்பா 2022 நவம்பரில் தவறினார். தூத்துக்குடி வீட்டில் அம்மாவைத் தனியாக விட முடியாது என்பது பதினாறு முடிந்த அன்றே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வயது அறுபத்தேழு, முழங்கால் வலி, சர்க்கரை. நான் மும்பையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். அதுவரை மருத்துவமனை விடுதியில் ஒரு கட்டிலும் ஓர் இரும்பு அலமாரியும்தான் என் குடித்தனம். "பொங்கல் கழியட்டும் அம்மா, வீடு பார்த்துவிட்டு உங்களைக் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். மும்பையின் செம்பூர்ப் பகுதியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீடு, மாதம் முப்பதாயிரம் சுமாருக்கு வாடகை, மூன்று மாத டெபாசிட். பணம் கையில் இருக்கிறது, நிரந்தர வேலை இருக்கிறது, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று மனதார நம்பினேன். பதினோரு வாரம் ஆனது. பத்தொன்பது வீடு பார்த்தேன். சம்பளமில்லா விடுப்பு ஆறு நாள். வீட்டைப் பிடித்துவைக்க முன்பணமாகக் கொடுத்த டோக்கனில் திரும்பி வராதது பன்னிரண்டாயிரம். அந்த வாரங்களில் எத்தனை முறை விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் எனக்கு எதுவுமே புரியவில்லை. புரோக்கர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், பிடித்திருக்கிறது என்பேன், மாலையில் பார்க்கலாம் என்பார், மாலையில் தொலைபேசியை எடுக்க மாட்டார். வீடு போய்விட்டது என்பார், ஆனால் அதே வீட்டின் படம் அடுத்த வாரம் வேறொரு புரோக்கரிடமிருந்து வரும். நான்காவது வாரத்தில், செம்பூர் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றபோது, ஒரு புரோக்கர் வீட்டுக்காரருக்கு என்னைப் பற்றி அனுப்பிய செய்தியைத் தற்செயலாகப் பார்த்தேன். டீ கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டுச் சில்லறை எடுக்கக் குனிந்தவர் கைபேசியைத் திறந்தபடியே வைத்திருந்தார். இந்தியில் ஒரே வரி: தனிப்பெண், மதராசி, நான்வெஜ், நைட் டியூட்டி. அவ்வளவுதான். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கும் முன், என் குரலைக் கேட்கும் முன், அந்த நான்கு சொல்லை வைத்தே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் கழித்த பன்னிரண்டு ஆண்டு அந்த வரியில் இல்லை. என்னோடு வரப்போகும் அம்மா அதில் இல்லை.

வீடு தேடுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களைப் பற்றி ஒரு வரி போகத்தான் போகிறது. அதை நீங்களே எழுதிக்கொடுங்கள். நான் அன்றிரவே எழுதினேன். என்ன வேலை, எத்தனை ஆண்டாக ஒரே இடத்தில், உடன் இருக்கப்போவது யார், அவர் வயது என்ன, வாடகை வங்கி மூலம் எந்தத் தேதிக்குள் வரும், எத்தனை நாள் இருக்க உத்தேசம், விசாரிக்க விரும்பினால் யாரைக் கேட்கலாம். ஆறு வரி. இதை அப்படியே அனுப்புங்கள் அண்ணா என்று புரோக்கரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு குறைந்தபட்சம் நேரில் பார்க்க அழைத்தார்கள்.

நேரில் போனபோதுதான் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரிய ஆரம்பித்தது. வாடகை வருமா என்ற கவலையைவிட, வந்தவர் வெளியே போவாரா என்ற கவலைதான் மும்பை வீட்டுக்காரர்களுக்குப் பெரிது. அதற்கு இந்த ஊரின் வரலாறு காரணம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்திவைத்தது. பகடி என்ற பெரிய முன்தொகையைக் கொடுத்து நுழைந்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சில நூறு ரூபாய் வாடகையில் இருக்கும் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். அதனால்தான் இங்கே வீட்டை வாடகைக்கு என்று சொல்லாமல் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று எழுதுகிறார்கள். குடியிருக்க உரிமம் மட்டும், பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கு. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, காலம் முடிந்தும் காலி செய்யாதவர் இரண்டு மடங்கு தொகை கட்ட வேண்டும். வழக்கறிஞர், போலீஸ்காரர், பத்திரிகைக்காரர் என்றாலே பல வீட்டுக்காரர்கள் தயங்குவதும் இந்தப் பயத்தால்தான். சட்டம் தெரிந்தவரையும் செல்வாக்கு உள்ளவரையும் வெளியேற்ற முடியாது என்று நினைக்கிறார்கள். மாற்றலாகிப் போகக்கூடிய வங்கி ஊழியருக்கு உடனே வீடு கிடைக்கிறது. ஆகவே, எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டால் மனம் நோகாதீர்கள். அதற்குத் தெளிவான பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் நோக வேண்டிய கேள்விகள் வேறு உண்டு. செம்பூர் என்றால் நம் ஆட்கள் நிறைந்த இடம், சேடா நகரில் முருகன் கோயில் இருக்கிறது, தமிழ் வீட்டுக்காரர் கிடைத்தால் கஷ்டமே இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழாவதாகப் பார்த்த வீடு ஒரு தமிழ் அம்மாளுடையது. வாசலில் மாக்கோலம், உள்ளே பில்டர் காபி மணம், எனக்கு ஊருக்கே வந்துவிட்டதைப் போலிருந்தது. காபி கொடுத்தார். அப்பா இறந்ததைச் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியது. பிறகு தூத்துக்குடியில் எந்தப் பக்கம் என்றார், தெருப் பெயரைக் கேட்டார், அப்பாவின் முழுப் பெயரைக் கேட்டார். மூன்றிலும் அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. "தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா, நீங்கள் எந்த ஆட்கள்?" என்றார். "நான் நர்ஸ் மாமி" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. மற்றவர்கள் மறுத்தபோது வந்தது களைப்பு. இங்கே வந்தது வேறு. அந்தக் காபியின் சுவை இன்றும் தொண்டையில் நிற்கிறது.

இப்படி மறுப்பதைச் சட்டப்படி எதிர்க்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு முதன்மையாக அரசுக்கும், கடை, உணவகம், கிணறு போன்ற பொது இடங்களுக்கும்தான். தனியார் ஒருவர் தன் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் அது நேராக வராது என்றார். உறுப்பினர் சேர்க்கையைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்ட அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை நிலைநாட்டும் வரை அம்மாவைத் தூத்துக்குடியில் காத்திருக்கச் சொல்ல முடியாது. அதனால் முதல் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடும் பழக்கத்துக்கு வந்தேன். மீன் சமைப்போம், சம்மதமா? இரவுப் பணி உண்டு, சம்மதமா? கேட்டால் பாதி வீடு அங்கேயே கழிந்துவிடும். ஆட்டோ செலவும் அரை நாள் விடுப்பும் மிச்சம். சைவம் என்று பொய் சொல்லி உள்ளே போன என் தோழி ஒருத்தி, ஐந்தாவது மாதம் கருவாட்டு வாசனைக்காகக் காலி செய்ய வேண்டியதாயிற்று. திரும்ப ஒரு மாத வாடகை புரோக்கருக்கு, லாரி வாடகை வேறு.

ஒரு வீட்டுக்காரருக்கு என் சாப்பாடும் பணி நேரமும் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு ஒரே கேள்விதான்: ரசீது கேட்பீர்களா? பாதி வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னார். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து வரிச்சலுகை கோரினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அதைச் சொன்னதும் பேச்சு முடிந்தது. வரிச்சலுகையை விட்டுக்கொடுத்து இந்த வீட்டை எடுத்துவிடலாமா என்று ஒரு முழு இரவு யோசித்தேன். எடுக்காதது நல்லது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் டெபாசிட் பேச்சு வரும்போது நாம்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

இனி அந்தப் பன்னிரண்டாயிரத்தின் கதை. பிப்ரவரி கடைசியில் திலக் நகர்ப் பக்கம் நான்காவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. கிழக்கு வெளிச்சம், அம்மா பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தக்கூடிய குளியலறை, லிஃப்ட் வாசலிலிருந்து பத்தடி. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார்; தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார், அம்மாவைப் பற்றி விசாரித்தார், மீனுக்கும் சரி என்றார். நாளைக்கே இன்னொருவர் வருகிறார், டோக்கன் கொடுத்துவிடுங்கள் என்றார் புரோக்கர். இருபதாயிரத்தை அவர் கணக்குக்கு அனுப்பினேன். அம்மாவிடம் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் அன்றே பாத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் சொசைட்டியில், அதாவது அந்தக் கட்டடத்து வீட்டு உரிமையாளர்களின் சங்கத்தில், ஒரு 'மீட்டிங்' என்றார்கள். சம்பிரதாயம்தான் என்றார் புரோக்கர். தரைத்தளத்தில் சொசைட்டி அலுவலகம். சுழலாத மின்விசிறி, பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் ஒட்டிய பலகை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு ஆண்கள். எனக்கு உட்கார இடமில்லை. செக்ரட்டரி என் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். வயது 36. கோடு. திருமணம் ஆகாதவர். கோடு. பணி நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது. "இரவு ஒன்பதுக்குப் போய்க் காலை எட்டுக்கு வருவீர்கள். வாட்ச்மேன் என்ன நினைப்பான்? கட்டடத்தில் வயதுப் பெண்கள் இருக்கிறார்கள்" என்றார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். "அது எங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியுமா?" என்றார். அம்மா வந்ததும் அவரைக் காட்டுகிறேன் என்றேன். "வந்த பிறகு பார்க்கலாம்" என்று விண்ணப்பத்தை மடித்தார். அதற்கு முந்தைய இரவுதான் ஒரு வயதானவருக்கு நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பியிருந்தோம். என் மணிக்கட்டு வலித்துக்கொண்டே இருந்தது. அந்த அறையில் நான் சொல்ல நினைத்ததில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர், சொசைட்டியை மீறி என்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். டோக்கன் தன்னிடம் வரவில்லை என்றார். வேலை செய்தேன், செலவாகிவிட்டது என்றார் புரோக்கர். பத்துப் பன்னிரண்டு முறை கேட்டு, இரண்டு மாதம் கழித்து எட்டாயிரம் வந்தது. மீதி வரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் வற்புறுத்தவும் வழியில்லை.

பிறகு தெரிந்துகொண்டது இது. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி துணைவிதிகளின்படி, உறுப்பினர் தன் வீட்டை லீவ் அண்ட் லைசென்ஸில் விட முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. சங்கத்துக்குத் தகவல் தெரிவித்து ஒப்பந்த நகலைக் கொடுத்தால் போதும். வீட்டில் உரிமையாளர் குடியிருக்காததற்காகச் சங்கம் வாங்கும் கூடுதல் தொகையும் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2001 முதலே அரசு உத்தரவு இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். வாடகைக்கு வருகிற நாம் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. நமக்காகத் தன் அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள எந்த வீட்டுக்காரரும் தயாராக இல்லை. ஆகவே மும்பையில் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில், என்னைத் தேர்ந்தெடுக்கப் போவது யார் என்று கேளுங்கள். வீட்டுக்காரரா, அவர் மனைவியா, வெளிநாட்டில் இருக்கும் மகனா, செக்ரட்டரியா? அந்த ஆளைப் பார்த்துச் சம்மதம் வாங்கிய பிறகுதான் ஒரு ரூபாயாவது அனுப்ப வேண்டும். டோக்கனை வீட்டுக்காரரின் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். அனுப்பும் முன் ஒரு செய்தி அனுப்பி, "சொசைட்டி மறுத்தால் முழுத் தொகையும் ஏழு நாளில் திரும்பத் தரப்படும்" என்பதற்கு அவரிடமிருந்து சரி என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு செய்தியை நான் அனுப்பியிருந்தால் பன்னிரண்டாயிரம் என்னிடம் இருந்திருக்கும்.

அம்மா அதற்குள் கிளம்பிவிட்டார். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாராவியில் சித்தப்பா மகன் வீட்டு மாடியில் மூன்று வாரம் இருந்தார். செங்குத்தான இரும்பு ஏணிப்படி. முழங்காலோடு ஒருநாளைக்கு ஒருமுறைதான் இறங்குவார். அந்த வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் அம்மா படியிறங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறார். "என்ன தாயி, மகளுக்கு வீடு அமையவில்லையா?" என்று அவராகவே கேட்டார். அவரிடம் அரிசி வாங்கிய காலத்திலிருந்து பழக்கமான ஒரு மராட்டியர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கோவண்டி ஓரமாக ஒரு வீடு வைத்திருந்தார். முன்பிருந்தவர் காலம் முடிந்தும் பதினான்கு மாதம் காலி செய்யாமல் அலைக்கழித்ததால் ஓராண்டாகப் பூட்டியே போட்டிருந்தாராம். "நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. மற்றதை நான் சொல்லிவிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

போனோம். அந்த வீட்டுக்காரர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "மாவ்ஷி, தண்ணீர்?" என்றார். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி, பெரியம்மா. அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. தலையசைத்தார். அவ்வளவில் பேச்சு முடிந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு வேலையும் சம்பளச் சீட்டும் ஆறு வரிக் குறிப்பும் செய்யாததை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா செய்துவிட்டார். அவர் பக்கத்தில் இருந்ததால் நான் 'குடும்பம்' ஆகிவிட்டேன். அன்று எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தனியாக இருக்கும் பெண்களுக்குப் பயன்படக்கூடிய தகவல் இது: ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ நான்கு நாள் வர முடிந்தால், அந்த நான்கு நாளை வீட்டுக்காரரைச் சந்திக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கரைவிட, வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

வாடகை முப்பத்தோராயிரம், டெபாசிட் ஒரு லட்சம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. ஆனால் மாநிலம் அதை ஏற்றுச் சட்டமாக்கினால்தான் பயன், அதனால் பேரம் பேசித்தான் குறைக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இருவருமே விரும்பினோம். அதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்திலும் பதிவிலும் இருக்க வேண்டும் என்கிறது, பதினோரு மாதம்தானே என்ற விலக்கு கிடையாது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால், தகராறு வரும்போது நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுத்துக்கொள்ளப்படும். இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பிருந்தவரோடு அவர் செய்த ஒப்பந்தம் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியது மட்டும்தான். போலீசுக்குக் குடியிருப்பவர் விவரம் கொடுத்ததன் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாவி வாங்கிய அன்று ஒவ்வொரு சுவரையும், குழாயையும், சமையல் மேடைக் கல்லில் இருந்த விரிசலையும் படமெடுத்து அவருக்கே அனுப்பினேன்.

பத்தாவது மாதம் பழைய புரோக்கர்களில் ஒருவர் எப்படியோ தெரிந்துகொண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தர ஆறாயிரம் ஆகும் என்றார். அரசின் பதிவுத்துறை இணையதளத்தில் நாங்களே செய்துகொண்டோம். மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியைச் சேர்த்து, அதில் கால் சதவீதம் முத்திரைத்தீர்வை. எங்களுக்கு அது தொள்ளாயிரத்துக்குள் வந்தது. மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் ஆயிரம். ஆதார் அட்டை, கைரேகை, இரண்டு சாட்சிகள். அண்ணாச்சி ஒரு சாட்சி.

இப்போது விடுதியில் என் கட்டிலில் இருக்கும் கன்னியாகுமரிப் பெண் வீடு தேடுகிறாள். இருபத்தாறு வயது, முழுக்க இரவுப் பணி. அவளைப் பற்றிய ஆறு வரியை நேற்று உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். சனிக்கிழமை மூன்று வீடு பார்க்கப் போகிறோம். அவளுடைய அம்மா ஊரில் இருப்பதால் என் அம்மா உடன் வருகிறார்.